பழைய கடனுக்குக் கோர்ட் தீர்ப்பு இருக்கிறதா? கட்டுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

மலேசியாவில் காடி (கார்) லோனுக்குப் போன இடத்தில் பேங்க் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு "உங்கள் பேரில் ஒரு பழைய கேஸ் இருக்கிறதே" என்று சொல்லும்போதுதான் பல பேருக்கு விஷயமே தெரிய வருகிறது. இன்னும் சிலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மலாய்க் கடிதம் வரும். மேலே ஏதோ ஒரு வசூல் கம்பெனியின் பெயர், கீழே 48 மணி நேரத்தில் கட்டாவிட்டால் வீட்டை ஏலம் விடுவோம், பாஸ்போர்ட்டை முடக்குவோம், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்காது என்று ஒரு பட்டியல். கடன் உண்மையாகவே இருந்திருக்கும்: பத்து வருசத்துக்கு முந்தைய கிரெடிட் கார்டு, பேங்க் இழுத்துக்கொண்டு போய் ஏலம் விட்ட காடி, மச்சானுக்குப் போட்டுக் கொடுத்த கேரண்டர் கையெழுத்து, இப்படி ஏதாவது ஒன்று.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க். வழக்கறிஞர் இல்லை, அதனால் கீழே இருப்பதை வழக்கறிஞர் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வழக்கறிஞரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் இதே சட்டம்தான், கோர்ட் கட்டடம்தான் வேறு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய தீர்ப்பு தானாகச் செத்துப்போவதில்லை, ஆனால் போனில் மிரட்டுகிறவர் சொல்வது போல நாளைக்கே உங்களைத் தெருவில் நிறுத்திவிடவும் அதனால் முடியாது. என்ன நடக்கும், எதுவரை நடக்கும் என்பதைத் தீர்ப்பின் தேதியும் தொகையும்தான் முடிவு செய்கின்றன. அந்த இரண்டும் தெரியாமல் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) கட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

போனில் கூப்பிடுகிறவர் யார்?

"கோர்ட்டிலிருந்து பேசுகிறேன், உங்கள் பேரில் வாரண்ட் இருக்கிறது, இப்போதே இந்த அக்கவுண்டுக்குப் பணம் போடுங்கள்" என்று வந்தால் அது மோசடி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எந்த கோர்ட்டும் போனில் பணம் கேட்பதில்லை. அக்கவுண்ட் நம்பர் கொடுத்திருந்தால் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள், பதற்றத்தில் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டால் உடனே 997-க்கு அடியுங்கள், தேசிய மோசடி மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு இருக்கிறது.

உண்மையான வசூல் கம்பெனியாகவே இருந்தாலும் அவர்கள் வெறும் ஏஜென்ட்தான். வீட்டுக்குள் நுழைந்து டிவியைத் தூக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. கோர்ட் கொடுத்த ரிட்டோடு, அதாவது எழுத்து உத்தரவோடு, வரும் கோர்ட் ஊழியரான பெய்லிஃப் மட்டும்தான் வீட்டுப் பொருளை ஜப்தி செய்ய முடியும். உங்கள் முதலாளியிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் உங்கள் கடன் கதையைச் சொல்லவும் அவர்களுக்கு வேலையில்லை. பேங்க் கடன் என்றால் பேங்குக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், பேங்க் கண்டுகொள்ளாவிட்டால் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்குப் போங்கள். கூப்பிடுகிறவரிடம் ஒரே பதில் போதும்: "வழக்கு எண், கோர்ட் பெயர், தீர்ப்பின் நகல், நீங்கள் யாருக்காக வசூலிக்கிறீர்கள் என்கிற கடிதம், எல்லாவற்றையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன்." கடனை ஒத்துக்கொள்வது போல வாட்ஸ்அப்பில் எதையும் எழுதாதீர்கள். "அண்ணே, கொஞ்சம் டைம் கொடுங்க, அடுத்த மாசம் கட்டிடுறேன்" என்று ஒரு மெசேஜ் போட்டால் அதுவும் பிற்பாடு ஒரு காகிதமாகி எதிர்ப்பக்கத்துக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடனை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது என்று சொன்னால் அந்த மாற்றத்துக்கான எழுத்து அறிவிப்பைக் கேளுங்கள். கடனைக் கைமாற்றினால் கடனாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1956-ம் ஆண்டு சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய பேங்குக்கும் கட்டி, புதுக் கம்பெனிக்கும் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

காகிதத்தைத் தேடி எடுப்பது

சிசிரிஸ் என்ற கடன் பதிவு அறிக்கை பேங்க் நெகாராவுடையது, இலவசம், இணையத்திலேயே எடுக்கலாம். ஆனால் அதில் பெரும்பாலும் கடந்த 12 மாதமாக நீங்கள் லோன் கட்டிய விதம்தான் தெரியும். கோர்ட் வழக்கு விவரம் வேண்டுமானால் சிடிஓஎஸ் போன்ற தனியார் கடன் அறிக்கை நிறுவனத்தின் அறிக்கையை எடுக்க வேண்டும். அதில் வழக்கு எண், எந்த கோர்ட், வழக்குப் போட்டவர் யார், தொகை எவ்வளவு என்று வரும்.

அந்த வழக்கு எண்ணை வெறும் எண் என்று தாண்டிப் போகாதீர்கள். தலையில் டபிள்யூஏ என்று இருந்தால் கோலாலம்பூர், பிஏ என்று இருந்தால் பினாங்கு, பழைய வழக்குகளில் இந்த எழுத்துகள் இருக்காது. ஏ72 என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட், பி52 என்றால் செஷன்ஸ், 22 என்றால் உயர்நீதிமன்றம். 29 என்று இருந்தால் அது கடன் வழக்கே இல்லை, திவால் வழக்கு. கடன் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களின் காகிதத்தில் 29-ஐப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தில் பேச்சே மாறிவிடும், ஏனென்றால் அதற்குச் செய்ய வேண்டிய வேலையே வேறு.

எண் கிடைத்ததும் கோர்ட் பதிவகத்தில் கோப்பைப் பார்க்க விண்ணப்பியுங்கள், அல்லது ஒரு வழக்கறிஞரை வைத்துச் செய்யச் சொல்லுங்கள், அதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் டூத்தா கோர்ட் வளாகம், பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு லெபோ லைட். செபராங் பிறை ஆட்களின் வழக்கு பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ இருக்கலாம், காலையில் பாலத்தைக் கடந்து வருவதற்கு முன்னால் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரொம்பப் பழைய வழக்கு என்றால் கோப்பை ஸ்டோரிலிருந்து எடுத்து வர நாளாகும், அன்றைக்கே கையில் கிடைக்கும் என்று எதிர்பார்த்து லீவு போடாதீர்கள்.

கோப்பில் நாலு காகிதம் முக்கியம். தீர்ப்பு, மலாயில் பெங்ஹாக்கிமான் என்று தலைப்பிட்டிருக்கும். நீங்கள் வராமலே கொடுத்த தீர்ப்பு என்றால் பெங்ஹாக்கிமான் இங்கார் என்று இருக்கும், நம் ஆட்களின் கடன் வழக்குகளில் இதுதான் அதிகம். அடுத்தது சம்மனை உங்களுக்குச் சேர்ப்பித்ததாகச் சொல்லும் அப்பிடவிட். அதில் எந்த விலாசத்துக்கு, எந்தத் தேதியில், எப்படிக் கொடுத்தார்கள் என்று இருக்கும், இதைக் கட்டாயம் நகல் எடுங்கள். மூன்றாவது வழக்கு மனு, பணம் கட்டாமல் போன தேதி அதில் தெரியும். நாலாவது, தீர்ப்புக்குப் பிறகு என்னென்ன செய்தார்கள் என்பது: ஜப்தி ரிட் எடுத்தார்களா, வேறு ஏதாவது உத்தரவு வாங்கினார்களா, அல்லது அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்களா.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பாருங்கள். சுப்ரமணியம், முனியாண்டி, லெட்சுமி என்று ஒரே பேரில், அப்பா பேரும் ஒன்றாகவே இருக்க, இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆள் மாறிப்போன வழக்கு என்றால் ஐசி நகலோடு சிடிஓஎஸ்-க்கும் வழக்குப் போட்ட பேங்கின் வழக்கறிஞருக்கும் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

இன்னொரு இடத்திலும் பார்த்துவிடுங்கள். திவால் இலாகாவில், அதாவது ஜபத்தான் இன்சொல்வென்சியில், உங்கள் ஐசி எண்ணைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள், கட்டணம் கொஞ்சம்தான். இப்போது 1 லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு ஒருவரைத் திவாலாக்க முடியாது, ஆனால் 2017 அக்டோபருக்கு முன்னால் 30,000 வெள்ளிக்கே முடிந்தது. அந்தக் காலத்தில் பேப்பரில் விளம்பரம் போட்டுத் திவாலாக்கப்பட்டவர்கள், வரம்பு உயர்ந்ததால் தானாக வெளியே வந்துவிடவில்லை. முறையாக விடுவிக்கப்படும்வரை அவர்கள் திவாலானவர்கள்தான், இலாகாவின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. திருவண்ணாமலைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு விமான நிலையத்தில் தெரிந்துகொள்வதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வது மேல். திவாலாகாத ஆளுக்கு, வெறும் பேங்க் கடன் தீர்ப்பு மட்டும் இருந்தால், பயணத் தடை கிடையாது. வருமான வரி பாக்கிக்குத் தடை வரலாம், அது வேறு கணக்கு.

தேதிக் கணக்கு

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 30 நாள், 6 ஆண்டு, 12 ஆண்டு என்று மூன்று கணக்கு இருக்கிறது.

ஆள் இல்லாமல் கொடுத்த தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்பதென்றால், தீர்ப்பு உங்கள் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது கோர்ட் விதி. அதனால் தீர்ப்பு தபாலில் வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கிடைத்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். நாள் கடந்துவிட்டாலும் கேட்கலாம், ஆனால் ஏன் தாமதம் என்பதற்கு நல்ல காரணம் சொல்லியாக வேண்டும்.

தீர்ப்பு வந்து 6 ஆண்டு தாண்டிவிட்டால் பொருள் ஜப்தி போன்ற ரிட் எடுப்பதற்கு எதிர்ப்பக்கம் கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும், இத்தனை வருசம் ஏன் சும்மா இருந்தோம் என்றும் விளக்க வேண்டும். இந்த அனுமதியை உங்களைக் கூப்பிடாமலேயே வாங்கியிருக்கலாம், அதனால் பழைய தீர்ப்பை வைத்துப் புதிதாக ஏதாவது நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "அனுமதி வாங்கியிருக்கிறார்களா, அதை எதிர்க்க முடியுமா" என்பதுதான்.

12 ஆண்டு என்பது 1953-ம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 6-வது பிரிவில் இருக்கிறது. தீர்ப்பு அமலுக்கு வந்த நாளிலிருந்து 12 ஆண்டு முடிந்த பிறகு அந்தத் தீர்ப்பை வைத்து நடவடிக்கை கொண்டுவர முடியாது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்பதை நீங்கள்தான் எழுந்து சொல்ல வேண்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் கோர்ட் தானாக எடுத்துப் பேசாது. உங்கள் தீர்ப்பு 11 வருசத்தையோ 12 வருசத்தையோ நெருங்கிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பணம் கட்டுவதற்கோ கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கோ முன்னால் கண்டிப்பாக வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தச் சமயத்தில் வசூல் கம்பெனிகள் "சும்மா 50 வெள்ளி போடுங்கள், நல்லெண்ணத்தைக் காட்டுங்கள்" என்று கெஞ்சுவது எதற்காக என்று யோசித்துப் பாருங்கள்.

அதே பிரிவில் வட்டிக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, அதைப் பல பேர் கவனிப்பதில்லை. தீர்ப்புத் தொகையின் மேல் ஏறும் வட்டியில், வட்டி சேர்ந்த நாளிலிருந்து 6 ஆண்டு தாண்டிய பாக்கியை வசூலிக்க முடியாது. 20,000 வெள்ளித் தீர்ப்பு, வருடத்துக்கு 5 விழுக்காடு தனி வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,000 வெள்ளி. பத்து வருசமானதும் அவர்கள் அனுப்பும் கணக்கில் 10,000 வெள்ளி வட்டி என்று இருக்கும், ஆனால் சட்டப்படி கேட்கக்கூடியது கடைசி ஆறு வருசத்துக்கான 6,000 வெள்ளிதான். சில கணக்குகளில் வட்டிக்கு வட்டியும் போட்டிருப்பார்கள், தீர்ப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். வீதம் எவ்வளவு என்பதும் தீர்ப்பிலேயே எழுதியிருக்கும், கம்பெனியின் கடிதத்தை நம்ப வேண்டியதில்லை.

சம்மனே வரவில்லை என்றால்

சம்மனை நேரில் கொடுக்கலாம், ஏஆர் ரெஜிஸ்டர் தபாலில் கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு அனுப்பலாம். இரண்டும் முடியாவிட்டால் கோர்ட் அனுமதியோடு கதவில் ஒட்டி, கோர்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் போட்டு "சேர்த்துவிட்டோம்" என்று கணக்குக் காட்டலாம். அந்த விளம்பரத்தை யார் படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும்.

நீங்கள் 2012-ல் செந்தூல் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ரவாங்குக்குப் போய்விட்டீர்கள், சம்மன் 2014-ல் செந்தூலுக்குப் போயிருக்கிறது என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். புது வீட்டு வாடகை ஒப்பந்தம், அந்த வருசத்துத் தெனாகா (மின்சார) பில், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு, முதலாளியின் கடிதம், எது கிடைத்தாலும் சேருங்கள். பேங்குக்கு விலாச மாற்றம் எழுதிக் கொடுத்த நகல் இருந்தால் அதுதான் தங்கம். ஐசியில் மட்டும் பழைய விலாசத்தை அப்படியே விட்டு வைப்பது நம்மவர்களிடம் ஒரு வழக்கமாகவே இருக்கிறது, எதிர்ப்பக்க வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

சம்மன் சேர்ப்பித்ததில் முறை தவறியிருந்தால் தீர்ப்பை ரத்துச் செய்ய வலுவான காரணம் ஆகிறது. முறைப்படிதான் நடந்திருக்கிறது என்றால், உங்களிடம் விசாரிக்கத் தகுந்த எதிர்வாதம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். "எனக்குக் கஷ்டம், வேலை போய்விட்டது" என்பது எதிர்வாதம் ஆகாது. காடியை ஏலம் விட்ட கணக்கு தவறு, கட்டிய பணத்தைக் கழிக்கவில்லை, கையெழுத்து என்னுடையது இல்லை, இப்படி இருந்தால் ஆகும். இன்னொன்றும் உண்டு: ஒப்பந்தக் கடனுக்குப் பணம் நின்றதிலிருந்து 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 2006-ல் நின்றுபோன கார்டுக்கு 2014-ல் வழக்குப் போட்டு, நீங்கள் வராததால் தீர்ப்பும் வாங்கியிருந்தால், அந்தக் காலதாமதமே உங்களுடைய எதிர்வாதம். இடையில் பணம் கட்டியிருந்தாலோ எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தாலோ கணக்கு புதிதாக ஆரம்பித்திருக்கும், அதையும் பாருங்கள்.

ரத்துச் செய்தால் கடன் போய்விட்டது என்று அர்த்தமில்லை, வழக்கு திரும்ப முதலிலிருந்து நடக்கும். தோற்றால் செலவுத் தொகையும் சேரும். அதனால் உங்கள் கையில் சரியான ஆதாரம் இல்லாமல், கோபத்தில் மட்டும் இந்த வழியில் போகாதீர்கள். அப்பிடவிட்டை மலாயில் எழுதிக் கொண்டுவந்து "இங்கே ஒரு கையெழுத்து" என்றால், புரியாமல் போடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கோர்ட்டில் பேசும்போதும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கடன் உண்மை, தீர்ப்பும் சரி என்றால்

அப்போது எதிர்ப்பக்கம் என்னென்ன செய்யலாம்? பெய்லிஃபை அனுப்பிப் பொருளை ஜப்தி செய்யலாம், பேங்கில் இருக்கும் உங்கள் பணத்தைக் கார்னிஷி உத்தரவு வாங்கிப் பிடிக்கலாம், வீடு நிலத்தின் மேல் கை வைக்கலாம், உங்களைக் கோர்ட்டுக்கு வரவழைத்து வருமானத்தை விசாரிக்கலாம், தொகை போதுமானதாக இருந்தால் திவால் நோட்டீஸ் அனுப்பலாம். ஈபிஎஃப்பில் இருக்கும் பணத்தை இப்படிப் பிடிக்க முடியாது, சட்டமே பாதுகாக்கிறது. ஆனால் 55 வயதில் அதை எடுத்து பேங்க் கணக்கில் போட்ட பிறகு அது சாதாரணப் பணம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தை விசாரிக்கும் சம்மன் வந்தால் பயப்படாமல் போங்கள். போகாமல் இருந்தால்தான் வாரண்ட் வரை போகும். உண்மையில் இது உங்களுக்குச் சாதகமான இடம், ஏனென்றால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று நீதிபதியிடம் நேரடியாகச் சொல்லலாம், தவணை உத்தரவு கிடைக்கும். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, தண்ணீர் மின்சார பில், பள்ளிப் பேருந்துக் கட்டணம், அம்மாவுக்கு மருந்துச் செலவு, மற்ற லோன்கள், எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிக் கழித்து எழுதி மூன்று நகல் எடுத்துப் போங்கள். "200 வெள்ளிதான் முடியும்" என்று வாயால் சொல்வதற்கும் தாளைக் காட்டிச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கௌரவத்துக்காக 500 என்று ஒத்துக்கொண்டு மூன்றாவது மாதமே தவறாதீர்கள், உத்தரவை மீறினால் நிலைமை மோசமாகும்.

திவால் நோட்டீஸ் மட்டும் வேறு வேகம். நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து 7 நாள்தான். தொகையில் தகராறு, வட்டி 6 வருசத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள், எதிர்க்கணக்கு இருக்கிறது என்றால் அதற்குள் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். அன்றைக்கே வழக்கறிஞரிடம் ஓடுங்கள், தைப்பூச விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் வரம்பு 1 லட்சம் வெள்ளி. 45,000 வெள்ளித் தீர்ப்பை வைத்துக்கொண்டு "திவாலாக்குவோம்" என்று ஒருவர் மிரட்டினால் அது வெறும் மிரட்டல்தான், ஆனால் பல கடன்காரர்கள் ஒன்று சேர்ந்து மனு போட்டால் எல்லாருடைய தொகையையும் கூட்டிப் பார்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பேரம் பேசுவது

பழைய தீர்ப்புக்குப் பேரம் படியும். பத்து வருசமாகக் கிடப்பில் கிடந்ததை ஒரே தடவையில் முடிக்க ஒருவர் வருகிறார் என்றால் பேங்க் வட்டியைத் தள்ளுபடி செய்யத் தயாராக இருக்கும், சில சமயம் அசலிலும் குறைக்கும். முதலில் எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் தலையில் "தன்பா பிரஜுடிஸ்" (உரிமைக்குப் பாதகமின்றி) என்று போடுங்கள், பேச்சு முறிந்தால் அந்தக் கடிதத்தை உங்களுக்கு எதிராகக் காட்டுவது கஷ்டம். உங்களால் உண்மையிலேயே கொடுக்கக்கூடிய தொகையைவிடக் குறைத்து ஆரம்பியுங்கள். தங்கச்சங்கிலியை அடகு வைத்தோ, ஆலோங் என்ற கள்ள வட்டிக்காரனிடம் வாங்கியோ முடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கோர்ட் தீர்ப்பில் 5 விழுக்காடு வட்டி என்றால் அது வருடத்துக்கு, ஆலோங் அதைவிட அதிகமாக வாரத்துக்கே கேட்பான்.

ஒப்புக்கொண்டதும், பணம் கட்டுவதற்கு முன்னால், அவர்களிடமிருந்து கடிதம் வாங்குங்கள். தொகை, கடைசித் தேதி, வழக்கு எண், "பெனியெலேசாயான் பெனுஹ் டான் முக்தமாட்" (முழுமையான, இறுதியான தீர்வு) என்ற சொற்கள், மீதியைக் கேட்க மாட்டோம் என்ற வரி, எல்லாம் இருக்க வேண்டும். கேரண்டர் இருந்தால் அவரும் விடுவிக்கப்படுகிறார் என்று எழுதச் சொல்லுங்கள். பேங்கின் பெயரிலோ வழக்கறிஞர் அலுவலகத்தின் கிளையன்ட் அக்கவுண்டிலோ மட்டும் கட்டுங்கள், தனிமனிதர் பெயரில் அக்கவுண்ட் கொடுத்தால் அது எவ்வளவு இனிமையாகப் பேசுகிற ஆளாக இருந்தாலும் சரி, வேண்டாம். ஏடிஎம் சீட்டு ஆறே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள்.

நாலைந்து பேங்குக்குக் கடன் என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தைப் பாருங்கள். பேங்க் நெகாரா 2006-ல் ஆரம்பித்தது, கட்டணம் கிடையாது, எல்லாக் கடனையும் சேர்த்து ஒரு தவணைத் திட்டம் போட்டுத் தருவார்கள். வழக்கு ரொம்பத் தூரம் போய்விட்டது என்றால் பேங்க் ஒத்துக்கொள்வதைப் பொறுத்துதான் நடக்கும், திவாலானவர்களுக்கு இந்தத் திட்டம் இல்லை. "ஏகேபிகேயில் சேர்த்துவிடுகிறேன், 800 வெள்ளி கொடுங்கள்" என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவர்களை நம்பாதீர்கள். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவிலும், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வழக்கறிஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையங்களிலும் கேட்டுப் பாருங்கள். வருமான வரம்பு உண்டு.

கேரண்டர், செத்துப்போன அப்பா, மனைவி

படிப்புக் கடனுக்கோ, சொந்தப் பாவனைக் காடிக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ லாபம் எதுவும் வாங்காமல் கேரண்டர் கையெழுத்துப் போட்டவரைச் சட்டம் சமூக உத்தரவாதி என்கிறது. 2017 அக்டோபர் 6-க்குப் பிறகு அவரைத் திவாலாக்க வழக்குத் தொடுக்க முடியாது. தீர்ப்பை வேறு வழியில் வசூலிக்கலாம். மச்சானின் லாரிக்கோ கடைக்கோ போட்ட கையெழுத்து இதில் வராது, அது வியாபாரம்.

அப்பா பேரில் தீர்ப்பு, அப்பா இறந்துவிட்டார் என்றால் அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் கேட்க முடியும். சொத்தே இல்லை, நீங்கள் கேரண்டரும் இல்லை என்றால் உங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய சட்டக் கடமை இல்லை. "அப்பா பேர் கெட்டுவிடுமே" என்று வசூல் ஆள் பேசுவார், அந்தப் பேச்சுக்கு மயங்கிப் பிள்ளைகள் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். கட்ட விரும்பினால் கட்டுங்கள், ஆனால் கட்டாயம் என்று நினைத்துக் கட்டாதீர்கள். புருசன் கடனுக்குப் பெண்டாட்டியும் அப்படித்தான், கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய பொறுப்பு இல்லை.

பணம் கட்டி முடிந்த பிறகு

இரண்டு வாரம் பொறுத்து, முழுதாகக் கட்டிவிட்டதற்கான கடிதத்தை எழுத்தில் கேளுங்கள், வழக்கு எண்ணோடு. அதைச் சிடிஓஎஸ்-க்கு நீங்களே அனுப்ப வேண்டும், பேங்க் அனுப்பும் என்று இருந்தால் வருசக்கணக்கில் பழைய பதிவே நிற்கும். மற்றக் கடன் அறிக்கை நிறுவனங்களுக்கும் ஒரு நகல் அனுப்பி, ஒரு மாதம் கழித்துப் புது அறிக்கை எடுத்துப் பாருங்கள். நிலத்தின் மேல் ஏதாவது உத்தரவு பதிந்திருந்தால் நில அலுவலகத்தில் அதை எடுக்கச் சொல்லி எதிர்ப்பக்க வழக்கறிஞரிடமே எழுதி வாங்குங்கள், வீட்டை விற்கப் போகும் நேரத்தில் அலையாமல் இருக்கலாம். ஒப்பந்தக் கடிதம், ரசீது, கட்டி முடித்த கடிதம், தீர்ப்பின் நகல் நாலையும் ஒரே உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் இடத்தைச் சொல்லி வையுங்கள். அதே கடனை வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு இன்னொரு கம்பெனி கூப்பிட்டால் அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பிவிட்டு போனை வையுங்கள்.